ஆறு இலக்கமும் ஒரு மாதிரிக் கடிதமும்

போன வாரம் செலின் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இப்போது அவள்தான் கண்காணிப்பாளர்.

"சாரே, பீரோவ ஒதுக்குதோம். ஒங்க பித்தளை முத்திரை கெடக்கு. ரெண்டு பெட்டி அரக்கும் கெடக்கு. கொண்டு தரட்டா?"

"எனக்கு என்னத்துக்கு மக்கா? பாத்திரக்காரனுக்குப் போடு."

"அது போட்டும். இஞ்ச புதுசா வந்த பிள்ளையளுக்கு அந்தக் கடித சங்கதிய சொன்னேன். நம்பமாட்டேங்குதுவ. சிரிக்குதுவ. நீங்களே எழுதித் தாங்க சாரே."

இப்போதெல்லாம் கேள்வித்தாள் தேர்வுக்கு அரைமணி நேரம் முன்பு கணினியில் இறங்குகிறது, மையத்திலேயே அச்சாகிறது. அரக்கு, மெழுகுவத்தி, சணல் நூல் எல்லாம் ஒழிந்தன. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். என் இடது கட்டைவிரலில் மூன்று சூட்டுத் தழும்பு இருக்கிறது. மூன்றும் அரக்கு போட்டவை. அந்தப் பிள்ளைகள் சிரிக்கட்டும். சிரிக்க வேண்டிய கதைதான். நடந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

என் பெயர் ஞானதாஸ். தக்கலைக்காரன். பி.எஸ்சி. கணக்கில் இரண்டாம் வகுப்பு வாங்கிவிட்டு, இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கோப்பு கட்டவும் 'பார்வை', 'பொருள்' போட்டுக் கடிதம் எழுதவும் மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு தேர்வுப் பிரிவுக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். தினமும் தக்கலையிலிருந்து பஸ் ஏறி, வடசேரியில் வண்டி மாறிப் போவேன். வேலை படித்ததெல்லாம் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி சிவதாணு சாரிடம்.

சிவதாணு சார் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு மைத்துளி நான் பார்த்ததில்லை. 'நல்லா இருக்கு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எவரும் கேட்டதில்லை. சரியாக இருந்தால் பேசமாட்டார்; சரியில்லை என்றால் ஒரே சொல்: "வேற." கேள்வித்தாள் உறைக்கு ஐந்து இடத்தில் முத்திரை போட வேண்டும், நான்கு ஓரம், நடுவில் ஒன்று. அரக்கை மெழுகுவத்தியில் காட்டி, கருகாமல் உருக்கி, எட்டணா அளவுக்குச் சொட்டவிட்டு, பித்தளை முத்திரையை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்து அழுத்த வேண்டும். ஈரம் குறைந்தால் அரக்கு முத்திரையோடு வந்துவிடும். கூடினால் எழுத்து விழாது. ஆறியதும் சிவதாணு சார் வந்து ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் கேட்பார். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும்.

"வேற போடும், ஓய்."

இதில் இன்னொரு வழக்கம் உண்டு. இந்தக் கதையே அதில்தான் தொங்குகிறது என்பதால் கவனமாகக் கேளுங்கள். உறைகளோடு மையத்துக்கு ஒரு கடிதம் போகும். அதன் அடியில் அதே பித்தளையால் ஒரு முத்திரை குத்தி, பக்கத்தில் 'மாதிரி' என்று எழுதுவோம். மையக் கண்காணிப்பாளர் உறையிலுள்ள முத்திரையை இந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். தேர்வறையில் இரண்டு மாணவர்களிடம் உறையைக் காட்டி, முத்திரை உடையவில்லை என்று கையெழுத்து வாங்கிய பிறகே பிரிப்பார். மாதிரி இல்லாத கடிதம் எங்கள் பிரிவிலிருந்து ஒருநாளும் போனதில்லை. அதே பித்தளையால் குத்தினால்தான் அது மாதிரி. வேறொன்றால் குத்தினால் அது ஏமாற்று.

2006 வாக்கில் அஞ்சல்வழிக் கல்வித் தேர்வுகளுக்குக் கேள்வித்தாளை சி.டி.யில் அனுப்பலாம் என்று முடிவானது. கோப்பைப் பூட்டி, பத்து நாள் முன்பே மையங்களுக்கு சி.டி. போய்விடும். தேர்வன்று காலையில் ஆறு இலக்க பாஸ்வேர்டை போனில் சொல்வோம். அந்த ஆறு இலக்கத்தை உண்டாக்குவது சிவதாணு சார் மட்டும். எப்படி உண்டாக்குகிறார் என்று யாருக்கும் தெரியாது. "எனக்க தலைக்குள்ள இருக்கத எவன் எடுப்பான்?" என்பார். பட்டியலைத் தட்டச்சு செய்வது செலின். குளச்சல் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அப்போது தற்காலிகப் பணியாளர். கேள்வித்தாள்களைத் தட்டச்சு செய்வதும் அவள்தான்.

மையங்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. சி.டி.யைத் திறக்கத் தெரியாமல் முதல் பருவத்தில் பல மையங்கள் திணறின. அடுத்த பருவத்திலிருந்து நான் ஒரு ஏற்பாடு செய்தேன்: நடந்து முடிந்த ஒரு தேர்வின் கோப்பையும், அதன் பாஸ்வேர்டையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினேன், திறந்து பழகிக்கொள்ளட்டும் என்று. பக்கத்தில் அழகாக 'மாதிரி' என்று எழுதினேன். பழைய தாள்தானே, கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? சிவதாணு சார் படித்தார். "வேற" என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரே பெருமை.

இப்படி மூன்று பருவம், மூன்று கடிதம்.

அடுத்த வருடம் கணக்குத் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் பார்த்தேன். 'குறியாக்கவியல் அறிமுகம்.' செய்தியை ரகசியமாக்கிப் பூட்டுகிற கணக்கு. வாரம் இரண்டு நாள், பிற்பகல் மூன்றரை மணி. பணியாளர்களும் ஒரு பாடம் படிக்கலாம், தேர்வு எழுதலாம். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பாஸ்வேர்டு பாஸ்வேர்டு என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அதற்குள் என்னதான் இருக்கிறது என்ற அரிப்பு. மனுவோடு சிவதாணு சார் முன் நின்றேன்.

"பேரன் எடுக்க வேண்டிய வயசுல என்னவோய் படிப்பு?"

"ஆசையா இருக்கு சார்."

அவர் மனுவைத் தலையிலிருந்து கால்வரை படித்தார். "உம்ம தேர்வுத்தாள் உறைய நீரு தொடப்பிடாது. கேட்டீரா?" என்று மட்டும் சொல்லி ஒப்பமிட்டார்.

பாடம் எடுத்தவர் ஷைனி மேடம். மார்த்தாண்டத்துக்காரர், முப்பது வயது தாண்டாதவர். முதல் வகுப்பில் நான் உள்ளே நுழைந்ததும் இருபது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள், ஏதோ பார்வையிட வந்த அதிகாரி என்று. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "சார், முன்ன வாங்க. அங்க இருந்தா போர்டு தெரியாது" என்றார். அந்த நாலு மாதம் போல என் வாழ்க்கையில் வேறு நாலு மாதம் இல்லை. கல்யாணமான வருடத்தைக்கூட அதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன். மனைவி லில்லிபாயிடம் சொல்லிவிடாதீர்கள்.

வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணக்கு உலகமே இருக்கிறது என்று அங்கேதான் அறிந்தேன். கடிகாரத்தில் பத்து மணிக்கு மேல் ஐந்து மணி நேரம் போனால் மூன்று ஆகிறதே, அந்தக் கணக்குதான். பிடித்துக்கொண்டது பாருங்கள், பேய் பிடித்த மாதிரி. மைத்துனர் குடும்பம் வந்தபோது பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். மேற்கூரையில் தொண்ணூறு வகைப் பூ செதுக்கியிருப்பதாக வழிகாட்டி சொன்னார். "ஏழால வகுத்தா மீதி ஆறு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். லில்லிபாய் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒருநாள் மேடம் அந்தப் பெரிய சங்கதியைச் சொன்னார்: பூட்டை ஊர் முழுக்கக் கொடுத்துவிடலாம், யார் வேண்டுமானாலும் பூட்டலாம், திறக்கிற சாவி மட்டும் என்னிடம் இருக்கும். இத்தனை வருடம் பூட்டையும் சாவியையும் ஒரே பையில் சுமந்தவன் நான். நம்பவே இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். மேடம் கொடுத்த சின்ன எண்கள்: பூட்டுக்கு மூன்று, சாவிக்கு ஏழு, எல்லாவற்றையும் முப்பத்து மூன்றால் வகுத்து மீதி. நாலை எடுத்தேன். மூன்று முறை பெருக்கினால் அறுபத்து நாலு, மீதி முப்பத்தொன்று. பூட்டியாயிற்று. இனி முப்பத்தொன்றை ஏழு முறை பெருக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் மீதி எடுத்து, எடுத்து, கடைசியில் நின்றது நாலு!

"வந்துட்டு!" என்று கத்திவிட்டேன்.

"தக்கலைக்கு இன்னும் கெடக்கு அண்ணாச்சி, இருங்க" என்றார் கண்டக்டர்.

இந்த உற்சாகத்தின் நடுவில்தான் அக்டோபரில் இடி விழுந்தது. அஞ்சல்வழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு மையத்துப் பேராசிரியர் காலையில் ஒரு நகல் தாளைக் கொண்டுவந்து சிவதாணு சார் மேசையில் வைத்தார். முந்தின நாள் மாலையிலேயே மாணவர்கள் கையில் சுற்றிய தாள். அன்றைய கேள்விகள் அத்தனையும் வரிசை மாறாமல் இருந்தன. ஒன்பதாம் கேள்வியில் செலின் விட்ட தட்டச்சுப் பிழைகூட அப்படியே இருந்தது.

அந்தப் பிழை போதுமானதாக இருந்தது. தாளைத் தட்டச்சு செய்தவள் அவள், பாஸ்வேர்டு பட்டியலும் அவள் கையில். வேறு யார்? விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தற்காலிகப் பணியாளருக்கு அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். செலின் தன் மேசையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தையும் குடையையும் மட்டும் எடுத்தாள்.

"சாரே, எனக்கு ஒண்ணும் தெரியாது. மாதாவாண தெரியாது" என்றாள் என்னிடம்.

"உண்மை வெளிய வரும் பிள்ளே" என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் போன பிறகு பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலையையும் சிவதாணு சார் தானே எடுத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து வகுப்பு. ஷைனி மேடம் போர்டில் மூன்று பழைய பூட்டு எண்களையும், அவற்றைத் திறந்த சாவி எண்களையும் எழுதினார். நாலாவதாகப் பூட்டு எண் மட்டும். "எதிராளி கையில பழைய பூட்டும் சாவியும் ஜோடி ஜோடியா கிடைச்சிருக்குன்னு வச்சுக்கோங்க. புது பூட்ட திறக்க முடியுமா?" என்றார். எல்லாருக்கும் முன்னால் நான்தான் கையைத் தூக்கினேன். மூன்று ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விதி தானே கண்ணில் பட்டது. "முறை ஊருக்கே தெரியும்னு நினைச்சுதான் பூட்டு செய்யணும். முறைய மறைச்சு வச்சு நம்பினா ஒருநாள் மாட்டிக்குவோம்" என்று மேடம் சொன்னார். நான் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வடசேரியில் இறங்கி, தக்கலை வண்டிக்குக் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் நிற்கும்போதுதான் மேடம் சொன்னது திரும்பி வந்தது. பழைய பூட்டும் சாவியும், ஜோடி ஜோடியாக. மூன்று.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அலுவலகம் போனேன். என் மூன்று மாதிரிக் கடிதங்களின் அலுவலக நகலை எடுத்தேன். பழைய தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்தேன். பாடக்குறியீடு 3106, தேர்வு நாள் 9. கடிதத்திலிருந்த மாதிரி பாஸ்வேர்டு 601316. குறியீடு தலைகீழாக இருந்தது. ஒன்பது எப்படிப் பதினாறு ஆனது? அடுத்த கடிதம்: 2218, நாள் 14, பாஸ்வேர்டு 812221. அதற்கடுத்தது: 4150, நாள் 20, பாஸ்வேர்டு 051427. மூன்றிலும் நாளோடு ஏழு கூடியிருந்தது.

குறியீட்டைத் திருப்பிப் போடு, நாளோடு ஏழைக் கூட்டு. சிவதாணு சார் தலைக்குள் இருந்த ரகசியம் இவ்வளவுதான்! பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன் என்பதை மறைக்கமாட்டேன். அதன் பிறகுதான் கடிதத்தின் அடியில் என் சுருக்கொப்பம் கண்ணில் பட்டது. சி.டி.யும் கையில், மூன்று மாதிரியும் கையில் என்றால், எந்த மையமும் எந்தத் தாளையும் பத்து நாள் முன்பே திறக்கலாம். கள்ளனுக்குச் சாவி செய்யக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அதுவும் 'மாதிரி' என்று அழகாக எழுதி.

அன்று சாயங்காலம் லில்லிபாயிடம் சொன்னேன்.

"சொன்னா ஒங்க வேலை போவுமா?" என்றாள்.

"போவாது. மெமோ வரும். பதவி உயர்வு நிக்கும்."

"அந்தப் பிள்ளைக்கு வேலையே போவுதே" என்றாள். பிறகு மீனை அடுப்பிலிருந்து இறக்கப் போய்விட்டாள்.

விசாரணை பதினேழாம் தேதி பிற்பகல். பதிவாளர், ஒரு மூத்த பேராசிரியர், சிவதாணு சார், மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். செலின் இந்தப் பக்கம் ஒரு நாற்காலி நுனியில். நான் கோப்புகளை எடுத்துக் கொடுக்க நின்றிருந்தேன். பதிவாளர் செலினைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"சார், நாளைக்கு நடக்கப்போற தாளுக்கு பாஸ்வேர்டு கன்ட்ரோலர் சாருக்க மூடின உறையில இருக்கு. இதுவரைக்கும் அத நான் கண்டதில்ல. இப்ப ஒரு தாள்ல எழுதித் தாறேன். ரெண்டையும் ஒத்துப் பாருங்க."

சிவதாணு சார் முகம் சிவந்தது. "என்னவோய் வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்ல சார்."

மறுநாள் தாள் 5237, நாள் 18. நான் 732525 என்று எழுதி மடித்துப் பதிவாளர் கையில் கொடுத்தேன். சிவதாணு சார் இரும்புப் பெட்டியைத் திறந்து, தன் உறையை எடுத்து, வழக்கம்போல் ஐந்து முத்திரையையும் நகத்தால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. பிரித்தார். பதிவாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஆறு இலக்கமும் ஒன்றே.

"அப்ப நீங்கதான் வெளிய விட்டீங்களா?" என்றார் மூத்த பேராசிரியர். நியாயமான கேள்வி. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"நான் விடல்ல சார். ஆனா இந்த மூணு கடிதம் கையில இருக்க யாரும் விடலாம். அதுக்கு செலினுக்க உதவியே வேண்டாம்." மூன்று நகலையும் மேசையில் வைத்தேன். "இந்தக் கடிதத்த எழுதினவன் நான்."

விளக்க மூன்று நிமிடம் ஆனது. சிவதாணு சார் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். கடைசிக் கடிதத்தில் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, கோப்பில் தன் கையால் எழுதினார்: விதி என்னுடையது, கடிதம் ஞானதாஸுடையது, ஒப்புதல் என்னுடையது, தட்டச்சர் மீது பிழை இல்லை. எழுதியதை ஒரு முறை படித்தார். அதைத் திருத்தவில்லை.

"பிள்ளே, நாளைக்கு வேலைக்கு வா" என்றார் செலினிடம். அவள் அழுதாள். நான் ஆண் பிள்ளை என்று காட்டிக்கொள்ள ஜன்னலைப் பார்த்தேன்.

மீதித் தேர்வுகள் அன்று மாலையே தள்ளிவைக்கப்பட்டன. புதுத் தாள், புது சி.டி. பாஸ்வேர்டை ஷைனி மேடம் சொன்னபடி சிவதாணு சாரே பகடை உருட்டி எடுத்தார். அறுபதை நெருங்கும் அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு தாயம் ஆடுகிறார் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. எந்த மையம் தாளை விட்டது என்று பின்னால் தெரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு இரண்டு வருடம் நின்றது. நியாயம்தானே.

நவம்பர் கடைசியில் என் தேர்வு. உறையை நான் தொடக்கூடாது என்பதால் செலினே அரக்கு போட்டாள். அதுதான் அவள் தனியாகப் போட்ட முதல் முத்திரை. அவளே தேர்வறைக்குக் கொண்டுவந்தாள். மேற்பார்வையாளர் உறையை முதல் பெஞ்சில் இருந்த என்னிடம் காட்டி, "முத்திரைய பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றார். என்னையறியாமல் நகத்தால் தட்டினேன். செலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தும் கெட்டிச் சத்தம். இத்தனை வருடம் மாணவர்கள் போட்ட கையெழுத்தை நான் போட்டேன்.

தாளைப் பிரித்தால், கடைசிக் கேள்வி பத்து மதிப்பெண்: 'ஓர் அலுவலகம், பழகிக்கொள்வதற்காகப் பழைய பூட்டையும் அதன் சாவியையும் மாதிரியாக அனுப்புகிறது. இதிலுள்ள பிழையை விளக்குக.' ஷைனி மேடம்! வாய்விட்டுச் சிரித்ததற்கு மேற்பார்வையாளர் என்னை அதட்டினார். மூன்று பக்கம் எழுதினேன். அதைவிடத் தெரிந்த விடை என் வாழ்நாளில் எதுவும் கிடையாது.

அந்தக் கேள்விக்கு ஒன்பதுதான் கிடைத்தது. தாங்க முடியாமல் மேடத்திடமே போய்க் கேட்டேன். விடைத்தாளைப் புரட்டி, கடைசி வரியில் தான் போட்ட சிவப்புக் கோட்டைக் காட்டினார். 'அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்' என்று முடித்திருந்தேன்.

"கேள்வியில அது கேக்கல சார்" என்றார்.

மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் செலின். விஷயத்தைக் கேள்விப்பட்டு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சாரே, அந்த ஒரு மார்க்கு எனக்காகத்தான் போச்சு, இல்லியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.